மான் ஹலால்தான், மாஞ்சோலையின் மான்?

 

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்குப் பொதிகை மலை அன்றாடக் காட்சி. மேலப்பாளையம், பத்தமடை, பொட்டல்புதூர், கடையநல்லூர் என எந்த ஊரில் நின்றாலும், தொழுகைக்கு முகம் திருப்பும் பக்கத்திலேயே அந்த மலைத்தொடர் நிற்கிறது. அதன் சோலைகளில் ஊறி இறங்கும் நீரில்தான் உளூச் செய்கிறோம். அதே நீரில் விளைந்த நெல்லைத்தான் உண்கிறோம். மணிமுத்தாறு சோதனைச் சாவடியைக் கடந்து வளைந்து வளைந்து ஏறினால் மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தேயிலைச் சரிவுகளுக்கும் சோலைகளுக்கும் இடையே, நம் வட்டாரத்தார் மிளா என்று அழைக்கும் கடமான் அந்தி வேளையில் மேய வருவதைக் கண்டவர்கள் நம்மில் பலர்.

அந்த மானைப் பற்றி நம் குடும்பங்களில் ஒரு கேள்வி அவ்வப்போது எழுகிறது. "மான் கறி ஹலால்தானே?" என்று தொடங்குகிறது அது. ஆம் என்றதும் அடுத்த கேள்வி வருகிறது. "உரிமம் உள்ள துப்பாக்கியால், பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் என்ன தவறு? நபித்தோழர்கள் வேட்டையாடவில்லையா?" ஐரோப்பாவின் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைத் துடைத்து மினுக்கி, அவற்றால் மான் சுடும் காணொளிகள் இளைஞர்களின் கைப்பேசிகளில் ஓடும் இக்காலத்தில், இக்கேள்விக்கு ஒரு கவர்ச்சியும் சேர்ந்துவிட்டது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மான் ஹலாலான பிராணி, அதில் ஐயமில்லை. ஆனால் மாஞ்சோலைக் காட்டின் மானைச் சுடுவதற்கும், அவ்வாறு சுடப்பட்டதை வாங்கிச் சமைப்பதற்கும் மார்க்கத்தைத் துணைக்கு அழைக்க நமக்கு வழியில்லை. "ஹலால்" என்ற ஒரு சொல் பிராணியின் பெயரோடு முடிந்துவிடுவதில்லை. அது எப்படிக் கொல்லப்பட்டது, எதற்காகக் கொல்லப்பட்டது, யாருடைய உரிமையிலிருந்து எடுக்கப்பட்டது என்ற கேள்விகளும் அச்சொல்லுக்குள் அடங்கும்.

மார்க்கம் அனுமதித்த வேட்டை

வேட்டை இஸ்லாத்தில் அனுமதிக்கப்பட்டதே. பழக்கிய வேட்டை நாய் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணலாம் என்பது திருக்குர்ஆன் (5:4) தரும் சட்டம். அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் வேட்டை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் அடுத்தடுத்துக் கேட்ட கேள்விகளும், கிடைத்த பதில்களும் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளன. பாலைவனத்தில் உணவு தேடி அலைந்த மக்களுக்கு அது வாழ்வாதாரம்; அதனால் அனுமதி விரிவாக இருந்தது.

அந்த அனுமதிக்கு வரம்புகளும் இருந்தன. உயிருள்ள எதனையும் குறிப்பலகையாக்கி எய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கடிந்து, இத்தகையோர் நபியவர்களின் சாபத்திற்கு உரியோர் என எச்சரித்த செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. வேட்டையின் பின்னாலேயே திரிபவர் மறதிக்கும் அலட்சியத்திற்கும் ஆளாவார் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இடம்பெற்றுள்ளது. ஆகவேதான், பசிக்காகவும் பிழைப்புக்காகவும் ஆடும் வேட்டையை அனுமதித்த அறிஞர்கள், வெறும் பொழுதுபோக்குக்காக உயிர் பறிப்பதை வெறுக்கத்தக்கது என்றனர். தடுக்கப்பட்டது என்றே சொன்னவர்களும் உண்டு.

இன்று நம் கடைத்தெருவில் ஆட்டிறைச்சியும் கோழியும் மீனும் கிடைக்கின்றன. மானைத் தேடி இரவில் மலையேறுபவரைப் பசி அழைத்துச் செல்லவில்லை. குர்பானிக்கும் காட்டு மான் செல்லாது. ஒட்டகம், மாடு, ஆடு ஆகிய கால்நடைகளே அதற்கு உரியவை. அப்படியானால் எஞ்சுவது ஆசையும் பெருமையும்தான்.

தோட்டா பற்றிய மஸ்அலா

"பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் போதும்" என்று எளிதாகச் சொல்பவர்கள், ஃபிக்ஹு அறிஞர்கள் இதனை அவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதை அறிய வேண்டும். கூர்முனை பாய்ந்து இறந்த வேட்டைப் பிராணியை உண்ணலாம். ஆயுதத்தின் அகலப் பக்கம் மோதி இறந்ததை உண்ணலாகாது என்பது அதீ (ரலி) அவர்களுக்குக் கிடைத்த பதில். அடிபட்டுச் செத்ததை விலக்கும் இறைவசனத்தோடு (5:3) இது பொருந்துகிறது. இதனால், வில்லிலிருந்து எறியப்படும் மண் உருண்டையால் இறந்த பறவையைப் பழைய ஃபிக்ஹு நூல்கள் விலக்கின.

துப்பாக்கி வந்தபோது இதே கேள்வி புதிதாக எழுந்தது. ஈயத் தோட்டா கத்தியைப் போல அறுப்பதா, கல்லைப் போல மோதுவதா? அது சுட்டெரித்தும் வேகத்தால் தாக்கியுமே கொல்கிறது. எனவே உயிரோடு பிடித்து அறுத்தாலன்றி ஆகாது என்பது ஹனஃபி மத்ஹபின் பெரிய அறிஞர் இப்னு ஆபிதீன் கூறிய கருத்து. அது உடலைத் துளைத்துச் செல்வதால் ஆகுமானதே என்றார் யமன் நாட்டு அறிஞர் ஷவ்கானி. இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். பிராணியை உயிர் பிரியுமுன் அடைந்து, முறைப்படி அறுத்துவிட்டால் கருத்து வேறுபாடு இல்லை. நம் ஊர்களில் ஹனஃபிகளும் ஷாஃபிகளும் கலந்தே வாழ்கிறோம். அவரவர் ஆலிம்களிடம் இதனைக் கேட்டறிவதே முறை. ஃபத்வா வழங்குவது நம் வேலை அன்று.

நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. நடு இரவில், விளக்கொளியில் கண் கூசி நிற்கும் மானைத் தொலைவிலிருந்து சுடும்போது, குறி எப்போதும் நெஞ்சில் படுவதில்லை. வயிற்றிலோ காலிலோ காயம்பட்ட மிளா புதருக்குள் பாய்ந்து, எவர் கைக்கும் எட்டாமல் துடித்துச் சாகிறது. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது (முஸ்லிம்). அந்தக் கட்டளையை இந்த இரவு வேட்டையோடு யாரால் பொருத்திக் காட்ட இயலும்?

பழைய ரைஃபிளின் பெருமை

இனி அந்தத் துப்பாக்கிகளைப் பற்றி. ஜெர்மனியின் மவுசர், ஆஸ்திரியாவின் மன்லிக்கர், லண்டனின் ரிக்பி, ஹாலந்து அண்டு ஹாலந்து: இவை கைவேலைப்பாட்டின் உச்சங்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. வால்நட் மரக்கட்டையும் செதுக்கிய எஃகும் நூறாண்டு கடந்தும் பழுதின்றி நிற்பது வியப்புக்குரியதே.

ஆனால் அவை நம் நாட்டில் எவர் தோளில் தொங்கின என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம், உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்க இந்தியருக்குத் தடை விதித்தது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. மறு ஆண்டே சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென ஒரு வேட்டைச் சட்டம் கொண்டுவந்து, உரிமத்தையும் பருவத்தையும் வகுத்தது. காட்டை நம்பி வாழ்ந்தவன் ஒரு மானைக் கொன்றால் அது திருட்டு. உரிமம் பெற்ற துரை கொன்றால் அது விளையாட்டு என்றாயிற்று. ஆட்சியாளரின் தயவைப் பெற்ற ஜமீன்தார்களுக்கும் அந்த விளையாட்டில் இடம் கிடைத்தது. அந்தக் காலத்துப் பெருமையை நம் பாரம்பரியம் என்று கொண்டாடுவதற்கு, அதில் நமக்கு என்ன பங்கு இருந்தது?

முஸ்லிம் அரசர்களும் வேட்டையாடினார்களே என்பர் சிலர். ஆடினார்கள். பன்னிரண்டு வயது முதல் தம் முன்னிலையில் வீழ்ந்தவை 28,532; அவற்றுள் தம் கையால் வீழ்ந்தவை 17,167 எனப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் கணக்கெழுதி வைத்தார். அதே ஜஹாங்கீர், தாம் வளர்த்த மான்ஸ்ராஜ் என்னும் மான் இறந்தபோது, இன்று பாகிஸ்தானிலுள்ள ஷேகுபுராவில் அதற்கொரு நினைவுக் கோபுரம் எழுப்பினார். ஐம்பது வயதுக்குமேல் துப்பாக்கியால் வேட்டையாடுவதில்லை என்று நேர்ந்துகொண்டதையும் அவரே எழுதியிருக்கிறார். அரசர்களின் வழக்கம் நமக்கு மார்க்க ஆதாரம் ஆகாது. ஆதாரமாகக் கொள்ள விரும்புவோர் அவருடைய இறுதி முடிவையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜிம் கார்பெட்டின் கதையும் அத்தகையதே. 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் வீழ்த்தியதற்காக அவருக்கு ஒரு ரிக்பி ரைஃபிள் பரிசாகக் கிடைத்தது. துப்பாக்கி விரும்பிகள் இன்றும் அதனைப் போற்றுகின்றனர். அதே மனிதர் பிற்காலத்தில் ஒளிப்படக் கருவியைக் கையிலெடுத்துக் காட்டைக் காக்கக் குரல் கொடுத்ததை அவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

மாஞ்சோலை யாருடையது?

சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 8,374 ஏக்கர் மலைக்காட்டைப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுக்கு வந்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்கள் ஆயின; 1988இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. மாஞ்சோலை அதன் நடுவில் இருக்கிறது.

அந்த மலையில் அட்டைக்கடியிலும் மழையிலும் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தொழிலாளர்களை நாம் மறக்கலாகாது. கூலி உயர்வு கேட்டும் சிறையிலிருந்த தோழர்களை விடுவிக்கக் கேட்டும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் அவர்களுக்காக நடந்த ஊர்வலம் தடியடியில் சிதறியபோது, தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. 2024இல் அந்தத் தோட்டங்களின் வேலை நிறுத்தப்பட்டு, விருப்ப ஓய்வு என்ற பெயரில் எஞ்சிய குடும்பங்களும் மலையை விட்டு இறங்கச் சொல்லப்பட்டன. காட்டுக்காக வீட்டை இழக்கும்படி அவர்களிடம் கேட்கப்படுகிறது. அதே பொதிகையில் வாழும் காணி மக்களுக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பல உரிமைகளை ஏற்றுக்கொண்டது. வேட்டையாடும் உரிமையை மட்டும் வெளிப்படையாக விலக்கியது.

உழைத்தவருக்கும் பூர்வகுடிக்கும் இல்லாத உரிமை, வார இறுதியில் ஜீப்பில் ஏறி வருபவருக்கு எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு நேர்மையான பதில் இல்லை என்பதே நம் எண்ணம்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. உரிமத்தின் பேரில் அதற்கு இடமளித்த பிரிவும் 1991இல் நீக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. துப்பாக்கி உரிமம் துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமே. மானைச் சுட அன்று. அத்துடன், கொல்லப்பட்ட வனவிலங்கும் அதன் இறைச்சியும் அரசின் சொத்து என்கிறது அச்சட்டம்.

பொதுச் சொத்து என்றதும் நமக்குக் கைபர் நினைவுக்கு வர வேண்டும். நபி (ஸல்) அவர்களின் பணியாளர் ஒருவர் எதிர்பாராத அம்பு பட்டு இறந்தார். மக்கள் அவருக்கு வீரத்தியாகியின் நற்பேறு கிடைத்ததென மகிழ்ந்தனர். கைபரின் பொதுச் செல்வம் பங்கிடப்படும் முன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்று நபியவர்கள் தெரிவித்தார்கள் (புகாரீ). ஒரு போர்வைக்கு அந்த நிலை என்றால், எல்லோருக்கும் உரிய காட்டிலிருந்து இரவோடு இரவாக எடுத்துவரும் ஒரு மிளாவுக்கு என்ன நிலை?

ஹரம் என்னும் பாடம்

காப்புக்காடு என்பது வெள்ளையர் கொண்டுவந்த எண்ணம், நமக்கு அந்நியமானது என்று கருதுவோர் ஹஜ்ஜை நினைத்துப் பார்க்கட்டும். இஹ்ராம் உடுத்தியவருக்குத் தரைவாழ் பிராணிகளை வேட்டையாடுவது தடை. கடல்வேட்டை ஆகும் (5:96). வேண்டுமென்றே கொன்றவர் ஈடு கொடுக்க வேண்டும் (5:95). மக்காவின் ஹரம் எல்லையில் வேட்டைப் பிராணியை விரட்டுவதுகூட ஆகாது. மதீனாவையும் நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே புனித எல்லையாக அறிவித்தார்கள். மதீனாவை அடுத்த நகீஃ என்னுமிடத்தில் மேய்ச்சல் நிலம் ஒன்றைப் பொது நன்மைக்காக ஒதுக்கிக் காத்தார்கள்.

இஹ்ராம் தொடர்பான அந்த வசனங்களின் தொடக்கத்தில் (5:94) ஆழ்ந்த ஒரு செய்தி இருக்கிறது. கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்திலேயே வேட்டைப் பிராணிகளை வரச்செய்து, மறைவில் தன்னை அஞ்சுபவர் யார் என அல்லாஹ் சோதிக்கிறான். எட்டாத மானை விடுவதில் தக்வா இல்லை. சாவடியில் எவரும் பார்க்காத இரவில், விளக்கொளியில் நிற்கும் மானை விட்டுவிட்டுத் திரும்புவதில் இருக்கிறது. காட்டை ஹரமுக்குச் சமமாக்க நாம் வரவில்லை. ஓர் எல்லைக்குள் உயிர்களைத் தொடாமல் விடுவது இபாதத்தாகவே நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒன்று என்பதையே சொல்கிறோம்.

ஐரோப்பாவில் சுடுகிறார்களே?

சுடுகிறார்கள், சட்டப்படியே சுடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் ஓநாய்கள் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆயின. மானைக் குறைக்க வேறு விலங்கு இல்லாததால், அவை பெருகி இளங்கன்றுகளை மேய்ந்து காட்டையே வளரவிடாமல் செய்கின்றன. எனவே கணக்கிட்டுச் சுடுகின்றனர். அங்கு வாழும் முஸ்லிம் ஒருவர் அந்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு, மார்க்க முறைப்படி, உணவுக்காக வேட்டையாடினால் அவருடைய நிலை வேறு.

பொதிகையில் மானைக் கட்டுப்படுத்தப் புலியும் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. ஒரு புலிக்கு ஏறக்குறைய வாரம் ஒரு பெரிய இரை வேண்டும். அதன் பங்கை நாம் எடுத்தால், அது மலையடிவார ஊர்களின் மாட்டுத் தொழுவத்தைத் தேடி வரும். இழப்பு அங்குள்ள ஏழை வீட்டுக்கு. மானும் புலியும் சேர்ந்திருக்கும் காடுதான் சோலையாக நின்று நம் ஆற்றுக்கு நீர் தருகிறது.

விருந்தில் பரிமாறப்பட்டால்?

நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கி தொடப்போவதில்லை. நமக்கு வரும் சோதனை தட்டில் வருகிறது. உறவினர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "மலையிலிருந்து வந்தது" என்று சொல்லி ஒரு கிண்ணத்தை நகர்த்துவார். மறுத்தால் அவர் மனம் நோகும். உண்டால் நம் மனம் உறுத்தும். வாங்குபவர் இருக்கும்வரை சுடுபவரும் இருப்பார்.

இதற்கும் நபிவழியில் ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. ஸஅப் இப்னு ஜஸ்ஸாமா (ரலி) அவர்கள் தாம் வேட்டையாடிய காட்டுக் கழுதையை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார்கள். நபியவர்கள் அதனை ஏற்கவில்லை. ஆனால் கொண்டுவந்தவரின் முகம் வாடியதைக் கண்டு, தாம் இஹ்ராமில் இருப்பதாலேயே திருப்பித் தருவதாகக் காரணத்தை எடுத்துச் சொன்னார்கள் (புகாரீ, முஸ்லிம்). மறுப்பும் இருந்தது, மனம் நோகாமல் காக்கும் கனிவும் இருந்தது. "உங்கள் அன்பில் குறையில்லை மாமா, காட்டு மான் என்பதால் மட்டுமே வேண்டாம் என்கிறேன்" என்று சொல்ல நமக்கும் நாவு வர வேண்டும். பிள்ளைகள் முன்னிலையில் சொன்னால் இன்னும் நல்லது.

பாட்டனார் விட்டுச்சென்ற துப்பாக்கி வீட்டில் இருந்தால், உரிமத்தை முறையாக வாரிசுப் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இயலாவிடில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படையுங்கள். மலைக்குச் செல்வதானால் வனத்துறையின் அனுமதியோடு, பகலில், ஒரு தொலைநோக்கியை எடுத்துச் செல்லுங்கள். பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் சிறுவனாகக் கையில் காற்றுத் துப்பாக்கி வைத்திருந்தவர்தாம். தாம் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு, அது என்ன குருவி என்று கேட்டார். வேட்டைப் பிரியரான அவர் மாமா, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அவரை அனுப்பினார். அந்த ஒரு கேள்வி இந்நாட்டின் பறவைகளுக்கு ஒரு காவலரைத் தந்தது. நம் பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கும் ஆர்வம் இருக்கிறது. அதனை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பது பெற்றோராகிய நம் பொறுப்பு.

ஜும்ஆ பயான்களில் வட்டியையும் வீண்விரயத்தையும் பேசும் ஆலிம் பெருமக்கள், மலையடிவார மஹல்லாக்களிலாவது ஆண்டுக்கு ஒருமுறை இதனையும் பேச வேண்டுமென அன்புடன் வேண்டுகிறோம்.

எட்டும் தூரத்தில் நிற்பதையும் அவனுக்காக விட்டுவிடும் உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.